ஜே. பி. எஸ். ஹால்டேன்

ஜே. பி. எஸ். ஹால்டேன் எனப் பரவலாக அறியப்படும் ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் (நவம்பர் 5, 1892 – டிசம்பர் 1, 1964) இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாக மறைந்த உயிரியலாளர் ஆவார். டார்வினின் இயற்கைத் தேர்வுக் கொள்கையையும் மெண்டலின் மரபியல் விதிகளையும் கணிதத்தின் துணைகொண்டு இணைத்தவர்களுள் ஒருவராக, ரொனால்ட் பிஷர், சீவல் ரைட் ஆகியோருடன் இவர் பெயர் குறிப்பிடப்படுகிறது. உடலியங்கியல், உயிர்வேதியியல், புள்ளியியல் ஆகிய துறைகளிலும் பங்களித்துள்ளார். பொதுமக்களுக்கான அறிவியல் கட்டுரைகள் பலவற்றையும் எழுதினார். விலங்குகளின் அறிவையும் மனிதனின் பகுத்தறிவையும் எந்த அடிப்படையில் ஒப்பிடலாம் என்னும் கேள்வி இவரது வாழ்வின் பிற்பகுதியில் முதன்மை பெற்றது. 1957 முதல் இறக்கும்வரை இவர் இந்தியாவில் செய்த, செய்வித்த ஆய்வுகள் பல இக்கேள்வியுடன் தொடர்புடையவை.

இளமைக் காலம்

ஹால்டேன் ஆக்ஸ்போர்ட் நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் மூச்சியக்கத்தை ஆராய்ந்த புகழ்பெற்ற உடலியங்கியலாளர். நிலக்கரிச் சுரங்கங்களில் தேங்கும் வளிமங்களைப் பற்றி அறியத் தம் உடலையே சோதனைக்கு உட்படுத்தியவர் அவர். நச்சு வளிமத்தை முன்கூட்டியே அறிய சுண்டெலி, கேனரிப் பறவை போன்ற சிற்றுயிர்களைச் சுரங்கத்தினுள் எடுத்துச் செல்லலாம் என்னும் வழக்கமும் அவருடைய பரிந்துரையால் ஏற்பட்டதே. சிற்றுயிர்களின் உடல் மனித உடலைவிட விரைவாகப் பாதிக்கப்படுவதால், அவை மயங்குவதைக் கண்டு தொழிலாளர் வெளியேறித் தப்ப முடிந்தது.

தந்தை மகனையும் சிறு வயதிலேயே இச்சோதனைகளில் சேர்த்துக்கொண்டார். ஒருமுறை மீத்தேன் தேங்கியிருந்த சுரங்கப் பகுதியில் சிறுவனை எழுந்து நின்று சேக்சுபியர் நாடக வசனம் ஒன்றை ஒப்பிக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் மூச்சுத் திணறிச் சிறுவன் கீழே விழுந்தான். தரையை ஒட்டிய காற்றில் அவனுக்கு மூச்சு சீரானது. மீத்தேன் காற்றைவிட இலேசானது, அதனால் கூரையை ஒட்டியே தேங்கும் என்பதை அவன் அவ்வாறு அறிந்துகொண்டான்.

1901இல், தம் எட்டாம் வயதில், அப்போதுதான் மீண்டும் கண்டறியப்பட்டிருந்த மெண்டலின் விதிகளைப் பற்றிய சொற்பொழிவு ஒன்றைத் தந்தையுடன் சென்று கேட்டார். பின்னர் தங்கை நவோமியுடன் சேர்ந்து வீட்டில் கினிப் பன்றிகளை வளர்த்து, அவற்றின் பண்புகள் தலைமுறைகளில் எவ்வாறு தொடர்கின்றன எனக் குறித்து வந்தார். இந்த ஆர்வத்தின் விளைவாக, நவோமியும் நண்பர் ஒருவரும் உடன் எழுத, சுண்டெலிகளில் மரபுப் பிணைப்பைக் காட்டும் கட்டுரை 1915இல் வெளிவந்தது. முதுகெலும்பு விலங்குகளில் இப்பிணைப்பைக் காட்டிய தொடக்க ஆய்வுகளுள் இது ஒன்று. உடன் எழுதிய நண்பர் கட்டுரை வெளிவருமுன் போரில் இறந்தார். நவோமி மிச்சிசன் பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளரானார்.

ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்ட் நியூ கல்லூரியிலும் ஹால்டேன் பயின்றார். கணிதத்தில் முதல் வகுப்பும், பின்னர் கிரேக்க, இலத்தீன் இலக்கியத்திலும் மெய்யியலிலும் முதல் வகுப்பும் பெற்றார். அறிவியலில் இவர் பட்டம் எதுவும் பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

போரும் இந்தியாவுடன் முதல் தொடர்பும்

முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையின் பிளாக் வாட்ச் பிரிவில் அதிகாரியாகப் பணியாற்றினார். பிரான்சிலும் மெசொப்பொத்தேமியாவிலும் காயமுற்றார். இரண்டாம் முறை காயமுற்றபின் உடல் தேற இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ஆளும் இனத்தவராக இருந்த அந்நிலையில் இந்தியர்களுடன் சமமாகப் பழக இயலவில்லை என்பது இவருக்கு உறுத்தலாக இருந்தது. இந்தியாவின்பால் இவருக்கு ஏற்பட்ட ஈடுபாடு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பயன் தந்தது.

மரபியல் ஆய்வுகள்

போருக்குப் பின் நியூ கல்லூரியில் ஆய்வாளராக இருந்து, பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பிரிவில் 1932 வரை பணியாற்றினார். நொதிகளின் வினைவேகத்தைப் பற்றி 1925இல் பிரிக்ஸ் என்பாருடன் இவர் எழுதியது இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது.

1924 முதல் இயற்கைத் தேர்வு பற்றிய கணிதக் கட்டுரைகளை வரிசையாக வெளியிட்டார். இங்கிலாந்தின் ஆலைப் பகுதிகளில் வெளிர்நிற அந்துப்பூச்சிகள் அருகி, கரிய நிறத்தவை பெருகிய வேகத்தைக் கணக்கிட்டு, கரிய பூச்சிகள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மிகுதியாகப் பிழைத்திருக்க வேண்டும் எனக் காட்டினார். இயற்கைத் தேர்வு மிக மெதுவாகவே நிகழும் என்று அதுவரை பலர் எண்ணியிருந்தனர். 1932இல் வெளிவந்த படிவளர்ச்சியின் காரணங்கள் பற்றிய நூல் இக்கட்டுரைகளின் சாரத்தைப் பொது வாசகருக்கு அளித்தது. அதே ஆண்டில் இவர் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1933 முதல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார்.

தன்மீது செய்த சோதனைகள்

தந்தையைப் போலவே ஹால்டேனும் தம் உடலில் சோதனைகள் செய்தார். இரத்தத்தின் அமிலத்தன்மையை மாற்றும் உப்புகளை உட்கொண்டு விளைவுகளைக் குறித்தார். 1939 சூன் மாதம் தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தபோது, அவர்களின் இறுதி மணி நேரங்களில் கரியமில வாயு எவ்வாறு செயல்பட்டிருக்கும் என்பதை அறிய மூடிய அறையில் அடைபட்டுச் சோதித்தார். உயர் அழுத்த ஆக்சிசனால் வலிப்பு ஏற்பட்டு இவரது முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. அந்த வலி வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

இச்சோதனைகளுக்கு மனிதனைப் பயன்படுத்தியதற்குத் துணிச்சல் மட்டும் காரணம் அன்று. எலியோ ஆடோ தான் உணர்வதைச் சொல்ல இயலாது. தலைவலி, மயக்கம், எண்ணங்களின் குழப்பம் ஆகியவற்றை மனிதனே எடுத்துரைக்க முடியும். விலங்கின் அகத்தை அறிவதில் உள்ள இந்தத் தடையே பிற்காலத்தில் இவரை வேறொரு வழியைத் தேடச் செய்தது.

விலங்கறிவு விவாதத்தின் பின்னணி

தமிழ் மரபில் இக்கேள்வி பழமையானது. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து, மனத்தால் அறியும் ஆறாம் அறிவை மனிதருக்கு உரியதாகக் கூறுகிறது. குரங்கு முதலிய சில விலங்குகளும் அவ்வகையில் அடங்கக்கூடும் என்னும் கருத்தும் அதன் உரை மரபில் காணப்படுகிறது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக மனிதனுக்கும் விலங்குக்கும் இடையே கடக்க முடியாத எல்லை உண்டு என்னும் எண்ணமே மேலோங்கியிருந்தது. 17ஆம் நூற்றாண்டின் தெக்கார்ட்டு விலங்குகளை இயந்திரங்களுக்கு ஒப்பிட்டார்.

டார்வின் 1871இல் வெளியிட்ட நூலில், மனிதனின் அறிவுக்கும் உயர் விலங்குகளின் அறிவுக்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டுமே, வகையில் அன்று என வாதிட்டார். இதன்பின் நாய், குதிரை முதலியவற்றின் அறிவுத்திறனைப் புகழும் கதைகள் பெருகின. 1894இல் லாயிடு மார்கன் இதற்கு ஒரு கட்டுப்பாடு வகுத்தார். எளிய உளச்செயலால் விளக்கக்கூடிய நடத்தைக்கு உயர்ந்த உளச்செயலைக் காரணமாகக் கூறக்கூடாது என்பது அது. கணக்குப் போடும் எனப் பெயர்பெற்ற ஹான்ஸ் என்னும் செருமானியக் குதிரை, உண்மையில் எதிரே நிற்பவரின் நுண்ணிய உடலசைவைக் கண்டே குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என 1907இல் நிறுவப்பட்டது. மறுபுறம், 1910களில் தெனெரீப் தீவில் வொல்ப்காங் கோலர் ஆராய்ந்த சிம்பன்சிகள், எட்டாத பழத்தைப் பெறப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின. விலங்கை மனிதனாகக் காண்பது, இயந்திரமாகக் காண்பது ஆகிய இரு பிழைகளுக்கும் இடையில் செல்ல வேண்டியிருந்தது. ஹால்டேன் அதற்குத் தம் கருவியான கணிதத்தையே பயன்படுத்தினார்.

தேனீ நடனமும் தகவலின் அளவும்

உணவைக் கண்டு திரும்பிய தேனீ, தேனடையின் மீது உடலை அசைத்து ஆடுவதை ஆசுத்திரிய அறிவியலாளர் கார்ல் வான் பிரிஷ் ஆராய்ந்தார். அந்த ஆட்டத்தின் பொருளை 1940களில் அவர் விளக்கினார். செங்குத்தான அடையில் தேனீ நேர்மேலாக ஆடினால் உணவு சூரியன் உள்ள திசையில் உள்ளது. செங்குத்திலிருந்து சாய்ந்து ஆடினால், அந்தச் சாய்வே சூரியனிலிருந்து விலகிச் செல்ல வேண்டிய கோணமாகும். ஆட்டம் நீளும் நேரம் தொலைவைக் குறிக்கும்.

ஹால்டேனும் அவருடைய இரண்டாம் மனைவியான உயிரியலாளர் ஹெலன் ஸ்பர்வேயும் வான் பிரிஷின் அளவீடுகளை எடுத்துக்கொண்டு 1954இல் ஒரு புள்ளியியல் ஆய்வை வெளியிட்டனர். தொலைபேசித் துறைக்காக கிளாடு சானன் 1948இல் உருவாக்கிய தகவல் கோட்பாட்டை அவர்கள் இதற்குப் பயன்படுத்தினர். அக்கோட்பாட்டில் தகவலின் அலகு பிட் எனப்படும். ஆம், இல்லை என்னும் இரண்டில் ஒன்றைத் தெரிவிக்க ஒரு பிட் தேவை. நான்கு திசைகளில் ஒன்றைக் குறிக்க இரண்டு பிட்டுகளும், எட்டுத் திசைகளில் ஒன்றைக் குறிக்க மூன்று பிட்டுகளும் தேவை. நடனத்தைக் கண்ட தேனீக்கள் உரிய திசையிலிருந்து எந்த அளவு சிதறிச் செல்கின்றன என்பதைக் கொண்டு, நடனம் உண்மையில் கடத்திய தகவலை இவ்வலகில் கணக்கிடலாம்.

இம்முறையின் சிறப்பு, தேனீ சிந்திக்கிறதா, உணர்கிறதா என்னும் கேள்விகளுக்கு விடை தெரியாமலேயே ஒப்பீட்டைத் தொடங்க முடிவதாகும். ஒரு விலங்கு மற்றொன்றுக்கு எவ்வளவு தெரிவிக்கிறது என்பதை அளக்கலாம். மனிதன் அதே செய்தியைச் சொல்லும்போது எவ்வளவு தெரிவிக்கிறான் என்பதையும் அதே அலகில் அளக்கலாம்.

அதே வேளையில் ஹால்டேன் ஒரு வேறுபாட்டையும் வலியுறுத்தினார். தேனீயின் நடனத்தைக் கடந்தகால நிகழ்ச்சியின் அறிக்கையாகக் கொள்வதைவிட, மீண்டும் அத்திசையில் பறக்க முனையும் அசைவு சடங்காக மாறியதன் விளைவாகக் கொள்வதே பொருத்தம் என்பது இவர் கருத்து. பறக்க எழும் பறவை முதலில் உடலைத் தாழ்த்துவதும், அதைக் கண்டு மற்றவை எழுவதும் இத்தகைய முனைப்பின் எளிய வடிவங்கள். விலங்குகளின் சடங்கையும் மனித மொழியையும் ஒப்பிட்டு 1953இல் எழுதிய கட்டுரையிலும் இவர் இதையே ஆராய்ந்தார்.

இதே காலத்தில் செருமானிய ஆய்வாளர் மார்ட்டின் லிண்டவர் இலங்கைக்கு வந்து, அங்குள்ள தேனீ இனங்களின் நடனங்களை ஆராய்ந்தார். திறந்த வெளியில் கூடு கட்டும் கொம்புத்தேனீ, அடையின் தட்டையான மேற்பரப்பில் நின்று உணவு உள்ள திசையை நேராகவே சுட்டி ஆடுவதை அவர் கண்டார். செங்குத்து அடையில் ஆடும் நடனம் எந்த எளிய வடிவத்திலிருந்து வளர்ந்திருக்கக்கூடும் என்பதற்கு இது சான்றாயிற்று.

1956ஆம் ஆண்டின் உரை

1956இல் இலண்டன் அரச மானிடவியல் நிறுவனத்தின் ஹக்ஸ்லி நினைவுச் சொற்பொழிவை ஹால்டேன் ஆற்றினார். விலங்குகளைப் பற்றிய முடிவுகளை மனிதனுக்குப் பொருத்துவது எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதே அதன் பொருள். எலியைப் பற்றிய முடிவு மனிதனுக்கும் பொருந்தும் எனக் கொள்வது உடலியங்கியலில் பெரும்பாலும் பயன் தருகிறது. ஆனால் நடத்தையில், நெருங்கிய உறவுடைய இரு இனங்களே பெரிதும் வேறுபடக்கூடும். ஆகவே ஒப்பீட்டை விலக்கவும் கூடாது, சரிபாராமல் ஏற்கவும் கூடாது. ஒவ்வொரு முறையும் அதைத் தனியே சோதிக்க வேண்டும்.

அரசியலும் லைசென்கோ விவகாரமும்

ஹால்டேன் மார்க்சியராக இருந்தார். 1942இல் பிரித்தானியப் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். கட்சி நாளிதழில் நூற்றுக்கணக்கான அறிவியல் கட்டுரைகள் எழுதினார். இக்காலமே இவர்மீதான கடுமையான விமர்சனத்துக்கும் காரணமாக அமைந்தது.

சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோ என்பார் மெண்டலின் மரபியலை மறுத்து, அரசின் ஆதரவுடன் மரபியலாளர்களை ஒடுக்கினார். 1928இல் ஹால்டேனைச் சோவியத் நாட்டுக்கு அழைத்திருந்த தாவரவியலாளர் நிக்கோலாய் வவிலோவ் 1943இல் சிறையில் இறந்தார். 1948இல் மரபியல் அங்கு அதிகாரப்பூர்வமாகவே தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டில் பிபிசி வானொலியில் பிரித்தானிய மரபியலாளர்கள் நால்வர் இதுபற்றிப் பேசினர். ஏனையோர் லைசென்கோவைக் கண்டித்தனர். ஹால்டேன் மட்டும் திட்டவட்டமாகக் கண்டிக்காமல் மழுப்பலாகப் பேசினார். தம் துறையின் அடிப்படையே மறுக்கப்பட்டபோதும் கட்சிப் பற்று இவர் தீர்ப்பைத் தடுத்தது எனப் பலர் கருதுகின்றனர். 1950 வாக்கில் கட்சியிலிருந்து ஒதுங்கினார். சான்றைப் பற்றி அனைவரிடமும் கேள்வி எழுப்பிய ஒருவர், தமக்கு நெருக்கமான கருத்தில் அக்கேள்வியை எழுப்பத் தயங்கியது மனிதப் பகுத்தறிவின் எல்லைக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதுண்டு.

இந்திய வாழ்க்கை

பிரசந்த சந்திர மகலனோபிசின் அழைப்பின்பேரில் 1957இல் ஹால்டேனும் ஸ்பர்வேயும் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தனர். 1956ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய்ப் பகுதியில் பிரித்தானியா மேற்கொண்ட படையெடுப்புக்கு எதிர்ப்பாகவும் இம்முடிவை ஹால்டேன் அறிவித்தார். இந்திய உடை அணிந்து, புலால் உண்பதைத் தவிர்த்து வாழ்ந்தார். 1961இல் இந்தியக் குடியுரிமை பெற்றார்.

டார்வினைப் பற்றி 1959இல் எழுதிய கட்டுரையில், மனிதனும் விலங்கும் உறவினர் என்னும் கருத்து ஐரோப்பியருக்கு அதிர்ச்சியாக இருந்ததுபோல் இந்தியருக்கு இருக்க வேண்டியதில்லை என இவர் சுட்டினார். இந்து, பௌத்த, சமண மரபுகள் உயிர்களுக்கிடையே அத்தகைய கூர்மையான எல்லையை வகுக்கவில்லை என்பது இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

வன்முறையற்ற ஆய்வு

உயிர்களைக் கொல்லத் தயங்கும் இந்திய மாணவர்களின் மனநிலையை ஹால்டேன் குறையாகக் கருதவில்லை. பறவைகளைச் சுடாமல், கூண்டில் அடைக்காமல், பொறுமையாக உற்றுநோக்கி எண்ணிக் குறிப்பதன் வாயிலாகவே சிறந்த அறிவியலைச் செய்ய முடியும் என 1959இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். விலை உயர்ந்த கருவிகள் இல்லாத நாட்டில் இது நடைமுறைக்கும் ஏற்றதாக இருந்தது. மேலும், கொல்லப்பட்ட விலங்கிலிருந்து அதன் உடலமைப்பை அறியலாம். அது எவ்வாறு முடிவெடுக்கிறது என்பதை உயிருடன் இருக்கும்போதே அறிய முடியும்.

இவருடன் பணியாற்றிய இளைஞர்கள் இவ்வழியில் பல ஆய்வுகளைச் செய்தனர். ஆந்திரப் பகுதியைச் சேர்ந்த கிருஷ்ண துரோணம்ராஜு, உண்ணிச்செடியின் வெவ்வேறு நிறப் பூக்களுக்கு வரும் வண்ணத்துப்பூச்சிகளை எண்ணி, வெவ்வேறு இனங்கள் வெவ்வேறு நிறங்களை நாடுகின்றன எனக் கண்டார். சுரேஷ் ஜெயகரும் ஸ்பர்வேயும் மஞ்சள்மூக்கு ஆள்காட்டிப் பறவையின் கூட்டைத் தொடர்ந்து கவனித்து எழுதினர். கடும் வெயிலில் வெறுந்தரையில் முட்டையிடும் இப்பறவை, வயிற்றுச் சிறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும் இயல்புடையது.

ஸ்பர்வே, துரோணம்ராஜு, ஜெயகர் ஆகிய மூவரும் மண்குளவியின் ஒரே ஒரு கூட்டைப் பற்றி 1964இல் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். அக்குளவியின் அறிவியற்பெயரில் மதராசுப்பட்டினத்தின் பெயர் இடம்பெற்றுள்ளது. குளவி ஒரு புழுவைக் கூட்டில் அடைத்துக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் ஆக்குகிறது என்பது தமிழகத்தில் வழங்கும் பழைய நம்பிக்கை. உண்மையில் இந்த மண்குளவி சிலந்திகளைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து அறையில் நிரப்பி, முட்டையிட்டு, வாயிலை மண்ணால் மூடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு அச்சிலந்திகளை உண்டு வளர்கிறது. இச்செயல்களின் வரிசை பிறவியிலேயே அமைந்தது. இருப்பினும் மண்ணை எங்கு எடுப்பது, அறையை எப்போது மூடுவது, சேதத்தை எவ்வாறு சரிசெய்வது ஆகியவற்றில் குளவிக்குக் குளவி, கூட்டுக்குக் கூடு வேறுபாடு காணப்படலாம். ஒரு தனி விலங்கை முழுமையாகக் கவனித்தால்தான் இத்தகைய வேறுபாடுகள் தெரியவரும்.

இறுதிக் காலம்

மகலனோபிசுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1961இல் புள்ளியியல் கழகத்தை விட்டு ஹால்டேன் விலகினார். ஒரிசா முதலமைச்சர் பிஜு பட்நாயக்கின் அழைப்பை ஏற்று, 1962இல் புவனேசுவரத்தில் மரபியல், உயிரிப்புள்ளியியல் ஆய்வகம் ஒன்றை நிறுவினார்.

1963இன் இறுதியில் இவருக்குக் குடல் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. இலண்டனில் அறுவை மருத்துவம் பெற்றார். மருத்துவமனையில் இருந்தபடியே தம் நோயைப் பற்றி நகைச்சுவைக் கவிதை எழுதி, அறிகுறிகளை மறைக்காமல் உரிய காலத்தில் மருத்துவரை நாடுமாறு வாசகரை வலியுறுத்தினார். தம் இரங்கலுரையைத் தாமே பேசிப் பிபிசிக்காகப் பதிவு செய்தார். 1964 டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் காலமானார். இவர் விருப்பப்படி உடல் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. சிறுவனாகச் சுரங்கத்தில் சோதனைப் பொருளாக இருந்தவரின் உடல், இறந்த பின்னும் மாணவர்களின் கல்விக்குப் பயன்பட்டது.

மதிப்பீடு

ஹால்டேனின் மக்கள்தொகை மரபியல் ஆய்வுகளே இவருக்கு நிலைத்த புகழைத் தந்தன. 1952இல் அரச கழகத்தின் டார்வின் பதக்கம் இவருக்கு வழங்கப்பட்டது. இவருடைய மாணவர் ஜான் மேனார்ட் சுமித், விலங்குகளிடையே நிகழும் போட்டியை ஆட்டக் கோட்பாட்டின் துணையால் விளக்கிப் புகழ்பெற்றார்.

விலங்கறிவு பற்றிய ஆய்வு இவர் காலத்துக்குப் பின் பெரிதும் வளர்ந்தது. சிம்பன்சிகள் குச்சியை இலை நீக்கிச் சீராக்கிக் கறையான் பிடிப்பதை ஜேன் குடால் 1960இல் கண்டார். வான் பிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. நியூ கலிடோனியக் காகம் ஒன்று நேரான கம்பியைக் கொக்கியாக வளைத்து உணவை எடுத்தது 2002இல் அறிவிக்கப்பட்டது. கருவி செய்தல், எண்ணுதல், திட்டமிடல் என மனிதனுக்கு மட்டுமே உரியவையாகக் கருதப்பட்ட திறன்கள் ஒவ்வொன்றின் எளிய வடிவமும் ஏதேனும் ஒரு விலங்கில் காணப்பட்டுள்ளது. ஆயினும் கண்ணுக்கு எதிரே இல்லாததையும் கடந்துபோனதையும் பற்றி விரிவாக உரையாடும் மொழி மனிதனிடம் வளர்ந்த அளவுக்கு வேறெதனிடமும் காணப்படவில்லை.

ஹால்டேன் இக்கேள்விக்கு இறுதி விடை எதையும் அளிக்கவில்லை. எதை ஒப்பிடுகிறோம் எனத் தெளிவாக வரையறுத்து, அளக்கக்கூடியதை அளந்து, தனி உயிரைப் பொறுமையாகக் கவனிக்கும் வழியையே இவர் காட்டினார். அதற்குத் தேவையானவை ஒரு குறிப்பேடும் நேரமும் என்பதால், ஆய்வகம் இல்லாத ஊரில் வாழும் மாணவரும் இவ்வழியில் செல்லலாம் என்பது இவருடைய நம்பிக்கையாக இருந்தது.